பீப் சத்தத்தை நம்பிப் போன பதினெட்டு நாள்

நேற்று இரவு ஒன்பதே முக்காலுக்கு, வீட்டுக்கு வரும் மின்சாரம் 184 வோல்ட்டில் தள்ளாடிக்கொண்டிருந்த நேரத்தில், எங்கள் ஏ.சி.யின் கம்ப்ரஸர் ஒரே உறுமலில் ஓடத் தொடங்கியது. பதினெட்டு நாளாகப் பகலில் ஒழுங்காக ஓடி, இரவில் மட்டும் அது வேலைநிறுத்தம் செய்துவந்தது. காரணம் 110 ரூபாய் ரிலே ஒன்று, சிறு மின்சாரத்தைக் கொண்டு பெரிய மின்சாரத்தைத் திறந்து மூடும் சுவிட்ச். அதை நான் நான்காம் நாளே கையில் எடுத்துப் பார்த்து, நல்லது என்று சான்றிதழ் கொடுத்து, திரும்ப மாட்டியிருக்கிறேன். ஆகவே இந்தப் பதிவில் பாதி என் தவறுகள்தான்.

ஏ.சி. ஒன்றரை டன் ஸ்ப்ளிட். இன்வெர்ட்டர் இல்லாத பழைய வகை, ஒன்பது வயது. உள் யூனிட் படுக்கையறையில், வெளி யூனிட் மொட்டை மாடியில். வீடு திருவான்மியூரில், கடற்கரைக்கு நடந்துபோகும் தூரம். ஆகையால் மாடியில் எந்த இரும்பு ஸ்க்ரூவும் இரண்டு வருடத்துக்கு மேல் திருப்புளிக்கு அசைவதில்லை. ஸ்டெபிலைசர் 4 கே.வி.ஏ. நான் எலக்ட்ரீஷியன் இல்லை. எப்போதோ பாலிடெக்னிக்கில் படித்ததும், வீட்டு மிக்ஸி, மோட்டார்களைக் கழற்றி மாட்டியதும்தான் தகுதி. கையில் இருந்தவை கெப்பாசிட்டர் அளக்கும் வசதியுள்ள மல்டிமீட்டர், வயரைக் கவ்விப் பிடித்து ஆம்பியரைக் காட்டும் கிளாம்ப் மீட்டர் ஒன்று, 25 வாட் சாலிடரிங் அயர்ன், நான்கு முதலை கிளிப்.

அக்னி நட்சத்திரம் தொடங்கி இரண்டாம் நாள் இரவு முதல் புகார் வந்தது. உள் யூனிட்டின் விசிறி சுற்றுகிறது, காற்று வருகிறது, குளிர் இல்லை. மாடிக்குப் போய்ப் பார்த்தால் வெளி விசிறி சுற்றுகிறது, கம்ப்ரஸர் மட்டும் ஐந்தாறு நொடி ‘ம்ம்ம்’ என்று முனகி, ‘டிக்’ என்று அடங்குகிறது. நான்கைந்து நிமிடம் கழித்து மறுபடி முனகல், மறுபடி டிக். அந்த டிக் ஓவர்லோடின் சத்தம். மோட்டார் சுற்றாமல் நின்று மின்சாரத்தை விழுங்கும்போது சூடேறித் தானாக இணைப்பைத் துண்டிக்கும் சிறு கறுப்பு வில்லை அது. மறுநாள் காலை பத்து மணிக்குப் போட்டால், எதுவும் நடக்காததுபோல ஏ.சி. ஓடியது.

முனகி நிற்கும் கம்ப்ரஸர் என்றால் எல்லோருக்கும் முதலில் தோன்றுவது, மோட்டார் சுற்றத் தொடங்க உந்தித் தரும் கெப்பாசிட்டர். எனக்கும் அதுவே தோன்றியது. எம்.சி.பி.யை இறக்கி, ஸ்டெபிலைசர் பிளக்கையும் பிடுங்கிவிட்டு, வெளி யூனிட்டின் பக்கவாட்டுத் தகட்டைத் திறந்தேன். உள்ளே இரண்டு பல்லி முட்டை. ஒன்று ஏற்கெனவே பொரிந்த வெற்று ஓடு. டெர்மினல் கட்டையில் பச்சை பூத்திருந்தது. கெப்பாசிட்டரைத் தொடும் முன் 40 வாட் குண்டு பல்பு ஒன்றை ஹோல்டரில் மாட்டி, அதன் இரு வயரையும் கெப்பாசிட்டர் முனைகளில் வைத்து மின்னேற்றத்தை வடித்தேன். திருப்புளியைக் குறுக்கே வைத்துப் பொறி பறக்க விடுவதை நான் செய்வதில்லை. முனையும் கருகும், நெஞ்சும் படபடக்கும்.

மேலே அச்சிட்டிருந்தது 50 மைக்ரோஃபாரட், 440 வோல்ட், கூடுதல் குறைவு 5 சதவீதம். அதாவது 47.5-க்குக் கீழே போகக்கூடாது. மீட்டர் காட்டியது 41.6. வெற்றி என்று அங்கேயே முடிவு கட்டிவிட்டேன். அண்ணா சாலைப் பக்கம் ரிச்சி தெருவுக்குப் போய் 320 ரூபாய்க்குப் புதியது வாங்கி, கடைக்காரர் முன்னாலேயே அளந்து, 49.7 என்று பார்த்த பிறகுதான் பணம் கொடுத்தேன். மாட்டிய அன்று இரவு ஏ.சி. ஓடியது. மறுநாள் இரவும் ஓடியது. மூன்றாம் நாள் சனிக்கிழமை. தெருவில் எல்லா வீட்டிலும் ஏ.சி. ஓடும் நாள். ஒன்பது மணிக்கு மறுபடி முனகல். டிக்.

கெப்பாசிட்டர் வீணாகவில்லை என்பதைச் சொல்லிவிட வேண்டும். பழையது உண்மையிலேயே தேய்ந்திருந்தது. ஆனால் ஒரு கோளாறைக் கண்டுபிடித்த திருப்தியில் இரண்டாவது இருக்கலாம் என்ற நினைப்பே வரவில்லை.

இதற்குப் பிறகுதான் தடுமாற்றம். உள் யூனிட்டின் முன் மூடியைக் கழற்றி, கன்ட்ரோல் போர்டை வெளியே எடுத்து மேசையில் வைத்தேன். கம்ப்ரஸருக்குப் போகும் மின்சாரத்தைத் திறந்து மூடுவது இந்தப் போர்டில் உள்ள பெரிய கறுப்பு ரிலே. அதன் சுருள் 12 வோல்ட்டில் வேலை செய்கிறது. பக்கத்தில் பதினாறு கால் பூச்சிபோல உட்கார்ந்திருக்கும் யு.எல்.என். 2003 என்ற ஐ.சி. அதைத் தூண்டுகிறது. பழைய மோடத்தின் 12 வோல்ட் அடாப்டரை எடுத்து, பாசிட்டிவ் எது என்று பார்த்து, சுருளின் இரு முனைகளிலும் கொடுத்தேன். ‘டக்’ என்று இழுத்தது. காண்டாக்ட் முனைகளில் மல்டிமீட்டரைக் கன்டின்யூட்டியில், அதாவது இணைப்பு இருந்தால் பீப் அடிக்கும் நிலையில், வைத்தேன். பீப். விட்டேன், பீப் நின்றது. பத்து முறை செய்து பார்த்தேன். பத்து முறையும் பீப். ‘ரிலே சரி’ என்று நோட்டில் எழுதி அடிக்கோடும் போட்டேன். அந்தப் பக்கத்தை இப்போது பார்த்தால் சிரிப்பு வருகிறது.

ரிலே நல்லது என்றால் அடுத்தது அறை வெப்பத்தை அளக்கும் சென்சார் என்று மனம் தாவியது. ஏன் தாவியது என்று கேட்டால் பதில் இல்லை. சென்சார் கெட்டால் கம்ப்ரஸருக்கு மின்சாரமே போகாது, அல்லது நிற்காமல் போய்க்கொண்டிருக்கும். முனகி நிற்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆனால் இரவு பதினொன்றுக்கு வியர்வையில் நனைந்துகொண்டு யோசிப்பவனுக்கு இதெல்லாம் தோன்றாது. மறுநாள் 140 ரூபாய்க்கு ஒரு சென்சார் வாங்கிவந்து, பழையதை அளக்காமலேயே மாற்றினேன். அன்று பகலில் ஏ.சி. ஓடியது; நிற்கவே இல்லை. 26-இல் வைத்தாலும் 30-இல் வைத்தாலும் கம்ப்ரஸர் ஓய்வே எடுக்காமல் ஓடியது. அம்மா மத்தியானம் போர்வை கேட்டபோதுதான் சந்தேகம் வந்தது.

பிறகு பொறுமையாக இரண்டையும் அளந்தேன். இந்த வகை சென்சாரில் சூடு ஏற ஏற ஓம் குறையும். அறை வெப்பம் 33 டிகிரி. பழைய சென்சார் 7.1 கிலோ ஓம் காட்டியது, புதியது 3.7. ஒரு டம்ளரில் ஐஸ் கட்டிகளை நொறுக்கிப் போட்டுத் தண்ணீர் ஊற்றி, பழையதை ஐந்து நிமிடம் முக்கிவைத்தேன். 32 கிலோ ஓமுக்குச் சற்று மேலே போய் நின்றது. 25 டிகிரியில் 10 கிலோ ஓம் இருக்கும் வகை சென்சார் காட்டவேண்டிய எண்களே இவை. நான் வாங்கிவந்தது 25 டிகிரியில் 5 கிலோ ஓம் இருக்கும் வேறு வகை. போர்டு என்ன செய்யும்? 3.7 கிலோ ஓமைப் பார்த்து, அறையில் 49 டிகிரி வெயில் கொளுத்துகிறது என்று எண்ணி, பாவம், உயிரைக் கொடுத்து உழைத்திருக்கிறது. பழைய சென்சாரையே திரும்ப மாட்டினேன்.

இந்த இடத்தில் வீட்டில் பொறுமை தீர்ந்து, ஒரு மெக்கானிக் வந்தார். வருகைக் கட்டணம் 400 ரூபாய். இரவு எட்டரைக்கு வந்ததால் கோளாறை நேரிலேயே பார்த்தார். அந்த அளவுக்கு எனக்கு மகிழ்ச்சி. முனகி டிக் என்று நின்றவுடன் மின்சாரத்தை நிறுத்தி, வெளி யூனிட்டின் டெர்மினலில் கம்ப்ரஸர் வயர்களைக் கழற்றி அளந்தார். காமனிலிருந்து, அதாவது மோட்டாரின் ரன், ஸ்டார்ட் என்ற இரண்டு வைண்டிங்குக்கும் (கம்பிச் சுற்றுக்கும்) பொதுவான முனையிலிருந்து, இரண்டு பக்கமும் மீட்டர் எதுவும் காட்டவில்லை. “உள்ளே வைண்டிங் அறுந்துவிட்டது சார். கம்ப்ரஸரும் கேஸும் சேர்த்து பதினான்காயிரத்து ஐந்நூறு ஆகும்” என்றார். பகலில் ஓடுகிறதே என்று கேட்டதற்கு, “கடைசி மூச்சு” என்றார்.

அறுந்த வைண்டிங் காலையில் எப்படி ஒட்டிக்கொள்ளும் என்ற கேள்வி தூங்கவிடவில்லை. அதிகாலை ஐந்தரைக்கு, எல்லாம் ஆறிய பிறகு, அதே வயர் முனைகளில் நானும் அளந்தேன். முதலில் மீட்டரின் இரண்டு கம்பிகளையும் ஒன்றோடொன்று தொட்டுப் பார்த்தேன், 0.2 ஓம். அதைக் கழித்தால், காமனுக்கும் ரன்னுக்கும் 2.1, காமனுக்கும் ஸ்டார்ட்டுக்கும் 3.4, ரன்னுக்கும் ஸ்டார்ட்டுக்கும் 5.5. முதல் இரண்டையும் கூட்டினால் மூன்றாவது வரவேண்டும், வந்தது. தெரிந்த எலக்ட்ரீஷியன் ஒருவரிடம் மின்கசிவு பார்க்கும் மெகர் இரவல் வாங்கி, 500 வோல்ட்டில் வைண்டிங்குக்கும் உடல் தகட்டுக்கும் இடையே பார்த்தேன், கசிவு இல்லை.

அப்படியானால் முந்தைய இரவு மெக்கானிக் கண்டது என்ன? காமன் வயர் நேராக வைண்டிங்குக்குப் போவதில்லை. வழியில் அந்த ஓவர்லோட் வில்லை இருக்கிறது. அப்போதுதான் ‘டிக்’ என்று திறந்துகொண்ட வில்லையையும் சேர்த்து அளந்தால், எல்லாம் அறுந்துபோனதாகத்தான் தெரியும். அவர் அளந்ததில் பிழை இல்லை. அளந்த நேரம்தான் பிழை. பதினான்காயிரம் ரூபாய்க்கு ஒரு மணி நேரம் காத்திருந்திருக்கலாம்.

கம்ப்ரஸர் நல்லது, கெப்பாசிட்டர் நல்லது, ஆனாலும் தொடங்கவில்லை என்றால் போய்ச் சேரும் வோல்ட்டேஜில்தான் குறை இருக்க வேண்டும். இதை முதல் நாளே யோசித்திருக்கலாம். இரவில் மட்டும் வரும் கோளாறு வேறு எதைச் சுட்டும்? பகலில் வீட்டுக்கு 230 வோல்ட்டுக்கு மேல் வருகிறது. இரவு ஒன்பதுக்கு 186. ஸ்டெபிலைசர் அதை 212 வரை தூக்கிக் கொடுக்கிறது. ஸ்டெபிலைசரின் டிஸ்ப்ளேயில் 212 என்று பார்த்துவிட்டு, போதும் என்று ஒவ்வொரு நாளும் கடந்துபோயிருக்கிறேன்.

பதினான்காம் நாள் இரவு தம்பியை வரவழைத்தேன். மின்சாரத்தை நிறுத்திவிட்டு, மாடியில் வெளி யூனிட்டின் லைன், நியூட்ரல் டெர்மினல்களில் ஒரு மீட்டரை முதலை கிளிப் வைத்துக் கட்டினோம். லைன் வயரைச் சுற்றிக் கிளாம்ப். கீழே நான் ஸ்டெபிலைசர் அவுட்புட்டில் இன்னொரு மீட்டருடன். மாட்டியபின் மின்சாரம், மின்சாரம் வந்தபின் கையை அருகே கொண்டுபோவதில்லை என்று இருவரும் பேசிவைத்துக்கொண்டோம். தம்பிக்கு ரப்பர் செருப்பும் கட்டாயம். தொலைபேசியில் எண்களைக் கத்திக்கொள்வதுதான் ஏற்பாடு. கம்ப்ரஸர் தொடங்காமல் ஐந்தாறு நொடி முனகுவது எங்களுக்கு வசதியாகிவிட்டது. ஒழுங்காகத் தொடங்கியிருந்தால், ஒரு நொடிக்குள் முடிந்துபோகும் அந்த நேரத்தில் சாதாரண மீட்டர் எதையும் பிடித்திருக்காது.

முனகல் தொடங்கியது. கீழே 196. மேலே 176. கிளாம்பில் 33 ஆம்பியர்.

ஸ்டெபிலைசருக்கும் மாடிக்கும் நடுவில் 20 வோல்ட்டைக் காணவில்லை! வயர் நீளம் ஏழெட்டு மீட்டர்தான், 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு. அது தின்றால் மூன்று, நான்கு வோல்ட் தின்னும். மீதி வேறெங்கோ போகிறது. அடுத்த முயற்சிக்குள் மின்சாரத்தை நிறுத்தி, என் மீட்டரைப் போர்டில் ரிலேயின் தலையில் உள்ள இரண்டு தகட்டு முனைகளுக்குக் குறுக்கே மாட்டினேன். ரிலே திறந்து இணைப்பு விட்டிருக்கும்போது இந்த இடத்தில் முழு வோல்ட்டேஜும் தெரியும். மூடிவிட்டால் பூஜ்யத்தை ஒட்டி இருக்க வேண்டும். மூடியது. 17. ஆறு நொடியும் 16-க்கும் 18-க்கும் நடுவில் எண் துள்ளிக்கொண்டே இருந்தது. லேசாக ஒரு கருகல் வாடை. நிறுத்திவிட்டு, ஆறியபின் தொட்டுப் பார்த்தால் ரிலேயின் ஒரு பக்கம் உப்பியிருந்தது. அந்தப் பக்கத்து லக்கின் (வயர் நுனியில் மாட்டும் தகட்டுக் கவ்வியின்) உறையும் பழுப்பு நிறமாகியிருந்தது. பத்து நாளுக்கு முன் மேசையில் வைத்து அளந்தபோது இந்தப் பழுப்பு இருந்ததா என்று நினைவில்லை. இருந்திருக்கும்.

பீப் எப்படி என்னை ஏமாற்றியது என்பதை மேசையில் வைத்துப் பார்த்தேன். பல மீட்டர்கள் 30 ஓமுக்குக் கீழே எது இருந்தாலும் பீப் அடிக்கும், என்னுடையதும் அப்படித்தான். ரிலேக் காண்டாக்டில் அரை ஓம் இருந்தாலே 33 ஆம்பியரில் பதினாறு, பதினேழு வோல்ட் அங்கேயே எரிந்துபோகும். பீப்புக்கு அரை ஓமும் ஒன்றுதான், பூஜ்யமும் ஒன்றுதான். ஓம் ரேஞ்சில் வைத்து எண்ணைப் பார்த்திருந்தாலாவது 0.2 வரவேண்டிய இடத்தில் 0.7 வந்திருக்கும்.

புதிய ரிலேக்கு மறுபடி ரிச்சி தெரு. பழையதைக் கழற்றிக் கையோடு எடுத்துப்போனது நல்லதாயிற்று. 12 வோல்ட் சுருள், 30 ஆம்பியர் என்று சொன்னதும் கடைக்காரர் மூன்று வகையை எடுத்துப்போட்டார்; கால்களின் இடைவெளி மூன்றிலும் வேறு, அதில் ஒன்றுக்குத் தலையில் தகட்டு முனையே கிடையாது. பழையதைப் பக்கத்தில் வைத்துப் பொருத்தி எடுத்தேன். 110 ரூபாய். சுருளின் ஓம் பழையதில் 157, புதியதில் 155. கூடவே 6.3 மில்லிமீட்டர் லக் ஒரு பை 40 ரூபாய், ஈயத்தை உறிஞ்சும் செம்புப் பின்னல் 60 ரூபாய்.

கழற்றியது பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அங்கும் சொதப்பினேன். ரிலேயின் தடித்த கால்கள் அகலமான செம்புத் தடத்தோடு ஒட்டியிருப்பவை; 25 வாட் அயர்ன் வைத்தால் சூட்டையெல்லாம் தடம் குடித்துவிடுகிறது, ஈயம் உருகுவதில்லை. உருகாததால் அழுத்தினேன், அழுத்தியதில் சுருள் கால் ஒன்றின் மெல்லிய தடம் போர்டிலிருந்து உரிந்து வந்துவிட்டது. 60 வாட் அயர்ன் இரவல் வாங்கிய பிறகு மீதிக் கால்கள் நான்கு நிமிடத்தில் வந்தன. உரிந்த தடத்துக்குப் பதிலாக, வயரிலிருந்து உருவிய ஒற்றைச் செம்பு இழையை அடுத்த இணைப்பு வரை ஓட்டி ஈயம் வைத்தேன். அது சுருளுக்குப் போகும் சொற்ப மின்சாரத்தின் பாதை என்பதால் பிழைத்தேன். கம்ப்ரஸர் பாதையில் உரிந்திருந்தால் இந்த ஒட்டுவேலையைச் செய்திருக்க மாட்டேன்.

போர்டைத் திரும்ப மாட்டும் முன் ஒரு சோதனை செய்தேன். இதற்கு மாடி வேண்டாம், இரவு ஒன்பது மணியும் வேண்டாம். 1000 வாட் இஸ்திரிப் பெட்டியின் லைனை ரிலேக் காண்டாக்ட் வழியாக விட்டு, 12 வோல்ட் கொடுத்து ரிலேயை மூடி, காண்டாக்டுக்குக் குறுக்கே ஏ.சி. வோல்ட் பார்த்தேன். இஸ்திரிப் பெட்டி எடுத்தது 4.5 ஆம்பியர். பழைய ரிலேயில் 2.1 வோல்ட். புதியதில் 0.03. எழுபது மடங்கு வித்தியாசம், பீப் சத்தத்தில் மட்டும் வித்தியாசமே இல்லை.

பழையதின் மூடியை ஆக்ஸா பிளேடால் அறுத்துப் பார்த்தேன். வெள்ளியாய் மின்ன வேண்டிய புள்ளி, அம்மை வடு விழுந்த முகம்போலக் கறுத்துக் குழிந்திருந்தது. தேய்ந்த கெப்பாசிட்டரோடு மாதக்கணக்கில் முனகி முனகித் தொடங்கியபோது, ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கொஞ்சமாக எரிந்திருக்க வேண்டும் என்பது என் ஊகம். உள்ளே ஒரு எறும்பும் கருகிக் கிடந்தது. அதன் பங்கு எவ்வளவு என்று நான் விசாரிக்கவில்லை.

பழுப்பேறிய லக்கை வெட்டி எறிந்து, வயரை நல்ல செம்பு தெரியும்வரை சீவி, புது லக்கை அழுத்தி மாட்டினேன். மாடியில் பச்சை பூத்த டெர்மினல்களையும் உப்புத்தாளால் தேய்த்து இறுக்கினேன். நேற்று இரவுக் கணக்கு: வீட்டுக்கு வந்தது 184, ஸ்டெபிலைசர் கொடுத்தது 210, தொடங்க எடுத்த நேரம் ஒரு நொடிக்கும் குறைவு. ஓடும்போது 6.9 ஆம்பியர். ரிலேக்குக் குறுக்கே 0.05 வோல்ட்.

ஓடிக்கொண்டிருக்கும்போதே கெப்பாசிட்டரையும் அளந்து பார்த்தேன். இந்த வழி முதலிலேயே தெரிந்திருந்தால் பழையதைக் கழற்றாமலேயே நோயைக் கண்டிருப்பேன். ஸ்டார்ட் வயரில் கிளாம்ப் காட்டும் ஆம்பியரை 3183-ஆல் பெருக்கி, கெப்பாசிட்டரின் இரு முனைகளுக்கு இடையே உள்ள வோல்ட்டால் வகுத்தால் மைக்ரோஃபாரட் வந்துவிடும். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்கு இந்த எண். 5.4 ஆம்பியர், 352 வோல்ட். கணக்குப் போட்டால் 48.8. மீட்டரின் சிறு பேட்டரியில் அளப்பதைவிட, வேலை செய்யும்போதே அளந்த இந்த எண் எனக்கு அதிக நம்பிக்கை தருகிறது.

மொத்தச் செலவு 1,070 ரூபாய். அதில் சென்சாருக்குப் போன 140-உம் மெக்கானிக்குக்குப் போன 400-உம் என் அவசரத்துக்கு நானே கட்டிய அபராதம். சென்சார் மட்டும் ஒரு உறையில் ‘5 கிலோ ஓம், நம் ஏ.சி.க்கு ஆகாது’ என்று எழுதி அலமாரியில் இருக்கிறது.

அடுத்த முறை ஏதாவது முனகினால், திருப்புளியை எடுக்கும் முன் முதலை கிளிப்பை எடுப்பேன்; முனகும் நேரத்திலேயே ஸ்டெபிலைசர், ரிலே, வெளி டெர்மினல் மூன்றிலும் எண்ணைக் குறித்துக்கொள்வேன். ஒரே இரவு வேலை அது. இன்னொன்றும் மனதில் இருக்கிறது. வெளி யூனிட்டில் 25 ஆம்பியர் கான்டாக்டர் (பெரிய மின்சாரத்துக்கான தனி ரிலே போன்றது) ஒன்றை வைத்துவிட்டால், போர்டு ரிலே அதன் சுருளை மட்டும் இயக்கினால் போதும். 33 ஆம்பியர் அடியெல்லாம் கழற்றி மாட்ட எளிதான கான்டாக்டருக்குப் போய்விடும். அந்தச் சின்னப் பெட்டிக்குள் இடம் இல்லை, வெளியே வைத்தால் கடற்காற்று. நல்ல மூடியுள்ள பெட்டி கிடைக்கும்வரை ஒத்திவைத்திருக்கிறேன்.

மாடியில் தகட்டை மூடும் முன் வெளி விசிறியின் சிறிய கெப்பாசிட்டரையும் அளந்தேன். 2.5 இருக்க வேண்டும், 2.2 காட்டியது. விசிறி இப்போதைக்கு ஓடுகிறது. சனிக்கிழமை ரிச்சி தெருவுக்கு இன்னொரு நடை.